அலுவலகத்திற்கு ஒன்று, அச்சகத்திற்கு ஒன்று

நூல் ஒன்றை எழுதி முடித்தவர், கையெழுத்துப் படியை அச்சகத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பிய காலம் ஒன்று இருந்தது. எந்த எழுத்தில் கோப்பது, எந்த அளவில் கோப்பது, எந்த மையை எங்கே பயன்படுத்துவது என்பனவற்றையெல்லாம் அச்சுக்கோப்பவரும் அச்சக மேலாளரும் தம் அனுபவத்தால் முடிவு செய்தனர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும்போதே பிழைகள் பல அவர்கள் கண்ணில் பட்டுவிடும். இன்று அந்த இடத்தில் ஆள் இல்லை. நூலைக் கணினியில் அமைத்து பி.டி.எஃப். கோப்பாக மாற்றும் வேளையில் திரையில் ஒரு சிறிய பெட்டி தோன்றுகிறது. ‘எந்தத் தரத்தில் வேண்டும்?’ என்று அது கேட்கிறது. அன்று பலர் கூடி எடுத்த முடிவுகளை, இன்று அந்தப் பெட்டியில் விரல் வைப்பவர் ஒருவரே எடுத்துவிடுகிறார். தாம் ஒரு முடிவை எடுக்கிறோம் என்பதைக்கூடப் பல வேளைகளில் அவர் அறிவதில்லை.

இலக்கிய ஏட்டில் இந்தக் கணினிப் பேச்சு எதற்கு என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். கல்யாணப் பத்திரிகை முதல் மதரஸா ஆண்டு மலர் வரை நம் குடும்பங்களில் அச்சுக்குப் போகாத எழுத்து இல்லை. அவற்றுள் பெரும்பாலானவை தமிழும் அரபியும் கலந்தவை. இவ்விரு மொழிகளையும் அச்சேற்றுவோருக்கு அந்தச் சிறிய பெட்டியின் கேள்வி, பிறருக்கு இருப்பதைவிடப் பன்மடங்கு முக்கியமானது. அதைக் கண்கூடாகக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

ஓமலூரில் நான் ஓதிக்கொடுக்கும் மக்தபின் பிள்ளைகளுக்காக, அரபி எழுத்துகளைத் தமிழ் விளக்கத்தோடு கற்பிக்கும் பாலபாடம் ஒன்றைத் தொகுத்தேன். டெம்மி 1/8 அளவில் 64 பக்கங்கள். அதாவது பதினாறு பக்கங்கள் கொண்ட நான்கு ஃபாரங்கள். எழுத்து கறுப்பிலும், ஜபர், ஜேர், பேஷ் முதலான உயிர்க்குறிகள் சிவப்பிலும் வரவேண்டும் என்பது என் ஆசை. அதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் வாழ்ந்த இலக்கண அறிஞர் அபுல் அஸ்வத் அத்துஅலீ, எழுத்தின் மையினின்று வேறான நிறத்தில் புள்ளிகளை இட்டு உயிரொலிகளைக் குறித்தார் என்று மரபு கூறும். இன்று நாம் காணும் கோட்டு வடிவக் குறிகளை, கிறிஸ்தவ ஆண்டுக் கணக்கில் எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மதோடு இணைத்துப் பேசுவர். கறுப்பு எழுத்தும் வண்ணக் குறியுமாகப் பார்க்கும் குழந்தை, எது எழுத்து, எது அதன் ஒலி என்பதை எளிதில் பிரித்தறியும்.

அந்தக் குறிகளின் அருமையை அறிய ஒரே ஒரு சொல் போதும். மீம், லாம், காஃப் என்னும் மூன்று எழுத்துகளை அடுத்தடுத்து எழுதுங்கள். குறிகளை ஒருவிதமாக இட்டால் ‘மலிக்’ ஆகும். அரசன் என்பது பொருள். வேறுவிதமாக இட்டால் ‘மலக்’ ஆகும், அது வானவர். ‘முல்க்’ என்றால் ஆட்சி. ‘மில்க்’ என்றால் உடைமை. எழுத்து மூன்றும் மாறவில்லை. அவற்றின் மேலும் கீழும் அமரும் எறும்பளவு கோடுகளே அரசனை வானவராக்கின, ஆட்சியை உடைமையாக்கின.

தமிழிலும் இத்தகைய நிலை இருந்ததை நம்மில் பலர் மறந்துவிட்டோம். பழைய எழுத்து முறையில் எகரக் குறிலுக்குப் புள்ளி உண்டு, நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டதால் ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒன்றுபோலவே காட்சியளித்தன. நெருப்பா நீரா என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் அமைத்த பிறகே அந்த மயக்கம் நீங்கியது.

அச்சு வந்த பிறகும் புள்ளிகளின் துயரம் தீர்ந்துவிடவில்லை. பதினாறாம் நூற்றாண்டில், 1537, 1538 ஆண்டுகளை ஒட்டி, வெனிஸ் நகரில் பாகனீனி என்னும் அச்சகத்தார் ஈய எழுத்துகளைக் கொண்டு குர்ஆனை அச்சிட்டனர். நெடுங்காலம் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அப்பதிப்பின் பிரதி ஒன்று 1980களில் வெனிஸிலேயே ஒரு மடத்து நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. அதில் தால் என்ற எழுத்துக்கும், தலையில் ஒரு புள்ளி பெற்ற ஃதால் என்ற எழுத்துக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. பொருள் பெரிதும் செலவிட்டு, கடல் கடந்து விற்கும் நோக்கோடு செய்த பணி அது என்பர். புள்ளி காக்கத் தவறிய அந்நூலை எந்த முஸ்லிம் வாசகர் ஏற்றிருப்பார்?

நம் முன்னோர் ஈய எழுத்தை நம்பாமல் கல்லச்சை நாடியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். காத்திப் தம் கைப்பட எழுதியது அப்படியே கல்லில் பதிந்து தாளில் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மவர் இயற்றிய அரபுத்தமிழ் நூல்கள் பலவும் கல்லச்சில் வெளிவந்தவையே. பின்னாளில், அரபி எழுத்து இல்லாத தமிழ் அச்சகங்கள் காத்திபிடம் வரிகளை எழுதி வாங்கி, துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து, தமிழ் எழுத்துகளுக்கு நடுவே பொருத்தி அச்சிட்டன. எழுதியவர் கையிலிருந்து படிப்பவர் கண்வரை புள்ளி இடம் மாறாது என்ற உறுதியே இம்முறைகளின் உயிர்.

பி.டி.எஃப். என்பதும் அதே உறுதியைத் தரும் நோக்கோடு பிறந்ததுதான். அடோபி நிறுவனம் 1993இல் இதனை வெளியிட்டது. 2008இல் இது உலகத் தர நிர்ணய அமைப்பின் பொதுத் தரமாயிற்று. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே வடிவில் தோன்ற வேண்டும் என்பதே இதன் குறிக்கோள். ஆனால் அந்த உறுதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: நாம் பயன்படுத்திய எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து அனுப்ப வேண்டும். இம்முறையை வகுத்தோர், பதினான்கு எழுத்துருக்கள் மட்டும் எல்லா இடத்திலும் இருக்கும் என்று கொண்டனர். ஹெல்வெடிக்கா, டைம்ஸ், கூரியர் என்னும் மூன்று குடும்பங்களில் பன்னிரண்டும், குறிகளுக்காக இரண்டும் ஆகப் பதினான்கு. அவற்றுள் தமிழும் இல்லை, அரபியும் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவோர் எழுத்துருவைப் பொதியாமல் விட்டாலும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வர். நாம் தப்ப முடியாது.

யூனிகோடு வருமுன் புழங்கிய பழைய தமிழ் எழுத்துருக்களைச் சில டி.டி.பி. நிலையங்கள் இன்னும் கைவிடவில்லை. அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் அமர்ந்திருக்கும். எழுத்துரு உடன் வராவிட்டால், தமிழ்ப் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சி தரும். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்ற பிறகு இத்தொல்லை குறைந்துள்ளது. அரபியிலோ ஆபத்து கண்ணுக்கு எளிதில் புலப்படாது. வேறோர் அரபி எழுத்துரு அந்த இடத்தில் வந்து அமரும். பார்ப்பதற்கு அரபியாகவே இருக்கும். குறிகள் மட்டும் தம் எழுத்தை விட்டு நகர்ந்திருக்கும். அரபி அறியாத அச்சகத் தொழிலாளிக்கு அது எப்படித் தெரியும்?

இனி அந்தப் பெட்டியின் கேள்விக்கு வருவோம். எங்கள் நூலைக் கணினியில் அமைத்தவர் என்னிடம் ஓதிய பழைய மாணவர். சேலத்தில் இத்தொழிலைச் செய்து வருகிறார். அவர் பயன்படுத்தும் இன்டிசைன் மென்பொருளில் ‘ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ்’, ‘ஹை குவாலிட்டி பிரின்ட்’, ‘பிரஸ் குவாலிட்டி’, ‘எக்ஸ்-1ஏ’ என்று பல பெயர்கள் வரிசையாக நின்றன. எது உயர்ந்ததோ அதையே எல்லாவற்றிற்கும் எடுத்துவிடலாமே என்று கேட்டேன்.

“அப்படி இல்லை ஹஜ்ரத். யாருக்குப் போகுதுன்னு முதல்ல முடிவு பண்ணணும். ஜமாஅத் ஆபீசுக்குப் போறது ஒண்ணு, பிரஸ்ஸுக்குப் போறது ஒண்ணு” என்றார் அவர்.

சேலத்து மாம்பழ வியாபாரியை நினைத்துக்கொண்டேன். வீட்டில் அன்றே உண்பதற்குக் கனிந்ததைத் தருவார். தொலைதூரம் போக வேண்டியதற்குக் காய்ப்பதமாகப் பறித்து, வைக்கோல் இட்டுப் பெட்டியில் அடுக்குவார். மரம் ஒன்றுதான், போகும் இடம் வேறு.

அலுவலகத்தின் தேவை என்ன? நிர்வாகிகள் கைப்பேசியில் பார்க்க வேண்டும். லேசர் பிரின்டரில் ஏ4 தாளில் எடுத்து, பேனாவால் திருத்தம் குறிக்க வேண்டும். கோப்பு சிறியதாக இருந்தால் விரைவில் போய்ச் சேரும். படங்களில் அங்குலத்திற்கு 100 அல்லது 150 புள்ளிகள் இருந்தால் போதும். நிறங்கள் திரைக்குரிய சிவப்பு, பச்சை, நீலக் கணக்கில் இருக்கலாம். பிரின்டர் தானே மாற்றிக்கொள்ளும். அலுவலக பிரின்டர் தாளின் விளிம்பில் சில மில்லிமீட்டரை வெறுமையாகவே விட்டுவிடும். ஆகையால் ஓரம் வரை வண்ணம் நீட்டுவதில் பயன் இல்லை. இங்கேயும் எழுத்துருப் பொதிவு மட்டும் கட்டாயம். மினிட் புத்தகம், வக்ஃபு ஆவணம் போன்று நெடுங்காலம் காக்க வேண்டியவற்றிற்கு பி.டி.எஃப்./ஏ என்னும் வகை 2005இல் தரப்படுத்தப்பட்டது. எழுத்துரு இன்றி அந்த வகையில் கோப்பே அமையாது.

அச்சகத்தின் தேவை முற்றிலும் வேறு. பக்கத்தின் அளவு ஏ4 அன்று. நூலின் உண்மையான அளவே இருக்க வேண்டும். அட்டையின் வண்ணம் விளிம்பு வரை வருமானால், வெட்டும் கோட்டைத் தாண்டி நாற்புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்ட வேண்டும். இல்லையேல் கட்டிங்கில் கத்தி சற்றே விலகினாலும் வெள்ளைக் கீற்று தெரியும். புகைப்படங்கள் அச்சாகும் அளவிலேயே அங்குலத்திற்கு 300 புள்ளிகள் கொண்டிருத்தல் நலம். கோட்டு வடிவங்களுக்கு அது போதாது. எங்கள் குடும்பத்தில் காத்துவரும் பழைய கல்லச்சுக் கிதாபு ஒன்றின் பக்கத்தை நூலின் இறுதியில் சேர்த்திருந்தோம். அதனை 1200 புள்ளி அடர்த்தியில், சாம்பல் நிறம் இன்றி வெறும் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்து, ஜேபெக் முறையில் சுருக்காமல் வைக்கும்படி மாணவர் கூறினார். ஜேபெக் புகைப்படத்திற்கு ஏற்றது. கூரிய எழுத்தைச் சுற்றி அது கொசு மொய்த்தாற்போல் மாசு படியச் செய்யும். அந்த மாசு புள்ளியாகவும் தோன்றும். அரபியில் இல்லாத இடத்தில் ஒரு புள்ளி தோன்றினால் என்ன நேரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் நுட்பமானது கறுப்பு மையின் செய்தி. ஆஃப்செட் அச்சில் வண்ணப் படங்கள் நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என நான்கு தகடுகளால் உருவாகின்றன. பாட எழுத்து கறுப்புத் தகடு ஒன்றில் மட்டுமே விழ வேண்டும். திரைக்குரிய நிறக் கணக்கில் கோப்பை எடுத்து, அதைப் பிறகு அச்சு நிறங்களுக்கு மாற்றினால், கறுப்பெழுத்து நான்கு மைகளின் கலவையாகிவிடும். நான்கு தகடுகளும் மயிரிழையும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால்தான் எழுத்து தெளிவாக இருக்கும். ரிஜிஸ்டர் சற்று விலகினாலும் பெரிய தலைப்பெழுத்து தாங்கிக்கொள்ளும். நுக்தாவும் ஷத்தும் தாங்கா.

இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தவே அச்சகங்களுக்கென பி.டி.எஃப்./எக்ஸ் என்னும் தரம் வகுக்கப்பட்டது. 2001இல் வந்த எக்ஸ்-1ஏ வகையில் எழுத்துருக்கள் அனைத்தும் கோப்புக்குள் இருந்தாக வேண்டும்; நிறங்கள் அச்சு மைகளின் கணக்கிலேயே இருக்க வேண்டும்; ஊடுருவித் தெரியும் நிழல் போன்றவற்றிற்கு இடமில்லை. பின்னர் வந்த எக்ஸ்-4 வகை அத்தகைய நிழல்களையும் ஏற்கும். எதை ஏற்பார்கள் என்பதை அச்சகத்தாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதே முறை. எங்கள் நூலை அச்சிட ஏற்ற சிவகாசி அச்சகத்தார் எக்ஸ்-1ஏ கேட்டனர். சிவப்பைத் தனி மையாகக் குறிக்கவும் சொல்லினர்.

மாணவர் இரண்டு கோப்புகளையும் எடுத்தார். சிறியதை நிர்வாகிகளுக்கு அனுப்பினார். அவர்கள் படித்துச் சம்மதம் தந்தனர். அவர்களுள் ஆர்வம் மிக்க ஒருவர், காலதாமதம் வேண்டாம் எனக் கருதி, தம் கைப்பேசியில் இருந்த அந்தச் சிறிய கோப்பையே அச்சகத்திற்கு அனுப்பிவிட்டார். நல்ல எண்ணத்தில் செய்த செயல் அது. கைப்பேசித் திரையில் அது அத்தனை அழகாக இருந்தது. அதில் குறை இருக்கும் என்று அவர் எண்ண என்ன காரணம் இருந்தது?

மறுநாள் மாலை அச்சகத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் தகடு எடுக்கும் பிரிவில் இருப்பவர்.

“பாய், நீங்க அனுப்பின ஃபைல் பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கறுப்பெழுத்து நாலு பிளேட்லயும் விழுது. கடைசிப் பக்கத்துப் படமும் மங்கலா இருக்கு. எனக்கு உங்க எழுத்து படிக்கத் தெரியாது. இந்தப் பொடிப்பொடிக் குறியெல்லாம் முக்கியம்னு மட்டும் தோணுது. பிளேட் போடட்டுமா, நிறுத்தட்டுமா?”

நிறுத்துங்கள் என்றேன். இந்நாளில் கணினியிலிருந்து தகட்டிற்கு நேராகவே பக்கம் போய்விடுகிறது. நடுவில் ஃபிலிமும் இல்லை, அதை விளக்கின் முன் பிடித்துப் பார்க்கும் கண்ணும் இல்லை. அவர் கேளாமல் விட்டிருந்தால் ஆயிரம் பிரதிகள் அச்சாகியிருக்கும். ஜமாஅத்தார் தந்த பணம் வீணாகியிருக்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஆறு வயதுப் பிள்ளை, கலங்கிய குறியைப் பார்த்து ஜேரை ஜபராக மனத்தில் பதித்துக்கொண்டால், அதனைப் பின்னாளில் மாற்றுவதற்குள் உஸ்தாதும் பிள்ளையும் படும் பாடு எனக்கு முப்பது ஆண்டுகளாகத் தெரியும். முதல் புத்தகத்தின் பிழை பிள்ளையின் நாவில் குடியேறிவிடும். எழுத்தறியாத மொழியின் குறிகளுக்கும் மதிப்பளித்து ஒரு வார்த்தை கேட்ட அந்தத் தொழிலாளியை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அன்றிரவே சரியான கோப்பு சென்றது. மாணவர் இரு கோப்புகளின் பெயரையும் மாற்றினார். ஒன்றின் பெயரில் ‘பார்வைக்கு மட்டும்’ என்றும், மற்றதில் ‘அச்சுக்கு’ என்றும் சேர்த்தார். பார்வைக்குரிய கோப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் அதே சொற்களை மெல்லிய எழுத்தில் குறுக்காக இட்டார். இனி அதை எவரும் தவறி அனுப்பினாலும் பக்கமே குரல் கொடுத்துவிடும்.

வாசகக் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய சில நடைமுறைகளை இங்கே சொல்லிவைப்பது நலம். பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, அதன் பண்புகளைக் காட்டும் பகுதியில் எழுத்துருக்களின் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அருகில் அது பொதியப்பட்டுள்ளது என்ற குறிப்பு இருக்க வேண்டும். ஒன்றுக்கு இல்லாவிட்டாலும் அந்தக் கோப்பை அச்சகத்திற்கு அனுப்பாதீர்கள். சில எழுத்துருக்களைப் பொதிய அவற்றின் உரிமையாளர் அனுமதிப்பதில்லை; அவ்வாறாயின் வேறு எழுத்துருவைத் தேர்ந்துகொள்க. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸில் எழுதுவோருக்குப் பி.டி.எஃப். எடுக்கும் பெட்டியிலேயே படச் சுருக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. தானாக அது ஜேபெக் 90 சதவீதம், 300 புள்ளிகள் என்ற நிலையில் இருக்கும். பழைய கையெழுத்துப் பக்கங்கள் இருந்தால் ‘லாஸ்லெஸ்’ என்பதைத் தேர்ந்து, புள்ளிகளைக் குறைக்கும் குறியை நீக்கிவிடுங்கள். வேர்டில் எழுதுவோர் ‘மினிமம் சைஸ்’ என்பதைத் தவிர்த்து ‘ஸ்டாண்டர்டு’ என்பதைத் தேர்வது நன்று. பிழை ஏதும் கண்டால் அச்சகத்திலேயே கோப்பைத் திறந்து திருத்தும்படி கேளாதீர்கள். திறக்கும் மென்பொருளில் எழுத்துரு மாறிவிடக்கூடும். மூலத்தில் திருத்திப் புதிய கோப்பை அனுப்புவதே பாதுகாப்பு. இறுதியாக, திரையை நம்பாமல் தாளில் ஒரு புரூஃப் கேட்டு வாங்கி, அரபி ஓதத் தெரிந்த ஒருவர் குறிகளை விரல் வைத்து ஓதிப் பார்க்க வேண்டும். இந்த வேலையை எந்தப் பெட்டியும் நமக்காகச் செய்யாது.

உயர்ந்த தரத்தை எப்போதும் எடுத்துக்கொள்வது அறிவுடைமை என்று எண்ணுவோர் உளர். வெட்டுக் குறிகளும் கூடுதல் விளிம்பும் கொண்ட பெருங்கோப்பை முதிய நிர்வாகியின் கைப்பேசிக்கு அனுப்பினால், அவர் அதைத் திறக்கவே இயலாமல் சலிப்படைவார். சிறியதை அச்சகத்திற்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதைக் கண்டோம். இரண்டுமே பெறுபவரை எண்ணாமல் செய்த செயல்கள்தாம். மதரஸாவில் எங்கள் உஸ்தாதுமார் ஒரே பாடத்தைச் சிறுவனுக்கு ஒருவிதமாகவும் முதிர்ந்த மாணவனுக்கு வேறுவிதமாகவும் சொல்லித்தருவர். பாடத்தின் உண்மை இரண்டிலும் குறையாது. கேட்பவரை அறிந்து பேசுதல் கல்வியின் ஒழுக்கமாயின், பெறுபவரை அறிந்து அனுப்புதல் அச்சின் ஒழுக்கமாகும்.

பாலபாடம் அச்சாகி வந்துவிட்டது. சிவப்புக் குறிகள் தத்தம் எழுத்தின் மேலும் கீழும் பிசகாமல் அமர்ந்திருக்கின்றன. நம் வீட்டுப் பரண்களில் பாட்டிமார் விட்டுச்சென்ற அரபுத்தமிழ்க் குறிப்பேடுகளும், கல்லச்சுக் கிதாபுகளும் இன்னும் எத்தனையோ உறங்குகின்றன. அவற்றைப் பதிப்பிக்க இளைஞர்கள் பலர் இப்போது முன்வருகின்றனர். அவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: அந்தச் சிறிய பெட்டி திரையில் தோன்றும்போது, கையை ஒரு கணம் நிறுத்துங்கள். இது யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள். பிறகு தேர்ந்தெடுங்கள். எழுதியவர் நம்மிடம் விட்டுச்சென்ற புள்ளி ஒவ்வொன்றும் அமானிதம்; அதைப் படிப்பவர் கண்வரை கொண்டு சேர்ப்பது நம் கடமை.